வால்வுத் தண்டில் தேங்காய் எண்ணெய்

என் கைகள் வெடித்திருந்தபடியால்தான் அந்தப் போத்தல் எப்போதும் என் காற்சட்டைப் பையில் இருந்தது. துப்புரவு வேலை செய்கிறவர்களின் கை எப்படியிருக்கும் என்று பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் ஆட்கள் நிறைந்த லா சப்பலில் எல்லோருக்கும் தெரியும். தரை கழுவுகிற ஜாவெல் தண்ணீரின் காரம் கையுறைக்குள்ளும் எப்படியோ போய்விடும். விரல் இடுக்கில் தோல் கீறி இரத்தம் கசியும். கடையில் வாங்கிய தேங்காய் எண்ணெயை ஒரு சின்ன மருந்துப் போத்தலில் ஊற்றி வைத்திருப்பேன். வேலைக்கு நடுவில் இரண்டு துளி விட்டுத் தேய்த்துக்கொள்வேன். அந்தப் போத்தலால் ஒரு மனிதருக்கு இரண்டு விரல்கள் போயின, வேலையும் போயிற்று. யாரிடமும் முழுதாகச் சொல்லாத கதை. எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

லா சப்பல் மெட்ரோவிலிருந்து தண்டவாளங்களின் ஓரமாகப் பத்து நிமிடம் நடந்தால் ஒரு பழைய பட்டறைக் கட்டடம் வரும். அதை இயந்திர மியூசியம் ஆக்கியிருந்தார்கள். என்னை அனுப்பியது துப்புரவு நிறுவனம். காலை ஆறு மணிக்குப் போய் ஒன்பதரைக்கு முடிப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கழிப்பறைகளைப் பார்ப்பதற்காக மாலைவரை நிற்க வேண்டும்.

நடு மண்டபத்தில் பழைய நீராவி இயந்திரங்கள் வரிசையாக நின்றன. அருகில் எழுதி வைத்திருந்ததை என்னால் வாசிக்க முடியாது. பிரெஞ்சு பேசினால் விளங்கும், எழுத்துத் தெரியாது. எனக்கு அவை தூசு பிடிக்கிற இரும்புகள். முதலாவதில் தூசு குறைவு, அதில் இரண்டு குழாய்த் திருகுகள் மட்டுமே. இரண்டாவதில் நெம்புகோலும் முளையும் சங்கிலியும் கூடுதல், துடைக்க அரை மணி நேரம் எடுக்கும். அந்த இரண்டாவதுதான் மண்டபத்திலேயே பெரியது. கிணற்றுத் துலா மாதிரி ஒரு பெரிய மரச்சட்டம் அதன் தலையில் ஏறி இறங்கும். ஒரு நாள் குனிந்து துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அந்தத் துலாவில் தலை மோதி, "ஐயோ, அம்மா!" என்று கத்திவிட்டேன்.

பின்னால் ஒரு குரல் கேட்டது. "தமிழா நீங்க? ரெண்டு மாசமா பொன்ழூர் பொன்ழூர்னு சொல்லிக்கிட்டிருக்கோமேய்யா!"

அந்த இயந்திரங்களைப் பராமரிக்கிற மெக்கானிக் அவர். நீல மேலங்கி போட்ட, தலை நரைத்த மனிதர். நான் அவரை மொரீசியஸ்காரர் என்று நினைத்திருந்தேன். பாண்டிச்சேரிக்காரர்.

"ஓம் அண்ணை," என்றேன்.

"ஓமா? காலங்காத்தால ஹோமம் வளர்க்கிறீங்களா?" என்று சிரித்தார். "அண்ணை நொண்ணைன்னு வேற. உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தெட்டு."

"எனக்கு அம்பத்தி நாலு. சரி, அண்ணைதான். தலைய காட்டுங்க. ரத்தம் வரல. பொழச்சீங்க யாழ்ப்பாணத்தாரே."

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெயர்தான்.

நான் வாய் திறந்து பேசுகிற ஆள் இல்லை. ஆட்கள் கூடினால் எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாது. அவருக்கு அது வசதியாக இருந்தது. அவர் பேசுவார், நான் துடைப்பேன். முன்பு இருபது வருடம் லிஃப்ட் திருத்துகிற நிறுவனத்தில் இருந்திருக்கிறார். அது மூடிய பிறகு இங்கே. வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். தை மாதத்தில் ஒரு கூட்டம் வைத்து அவரை நிரந்தரமாக்குவதாக மியூசியப் பொறுப்பாளர் அம்மா சொல்லியிருந்தார். "இதுவும் போச்சுன்னா இந்த வயசுல எவன்யா என்னச் சேர்த்துப்பான்?" என்பார். வாரத்தில் ஒரு தடவையாவது அந்தத் தை மாதம் அவர் வாயில் வரும்.

அந்த வரிசை எதைப் பற்றியது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். எல்லாம் ஒரே விஷயம். ஆவியை எப்போது உள்ளே விடுவது, எப்போது மூடுவது, எப்போது வெளியே விடுவது.

"இதப் பாருங்க. முதல் மெஷின். இதுல வால்வுக்கு மெஷினே கிடையாது. மனுஷன்தான் வால்வு. ஒருத்தன் உட்கார்ந்துக்கிட்டு ஆவித் திருகத் திறப்பான், மூடுவான். பச்சத் தண்ணித் திருகத் திறப்பான், மூடுவான். நாள் பூரா அதேதான். தூங்கினான்னா மெஷின் நின்னுடும். உங்கள மாதிரி பேசாத ஆளா பாத்து வெச்சிருப்பாங்க."

"பிறகு?"

"அப்புறம் இது. உங்க மண்டைய உடச்சது. மேல ஏறி இறங்குதே உத்தரம், அதுல ஒரு சட்டத்தத் தொங்க விட்டான். சட்டத்துல முளை அடிச்சான். சட்டம் இறங்கும்போது இந்த முளை இந்தக் கைப்பிடிய உதைக்கும், வால்வு தூக்கும். ஏறும்போது இன்னொண்ணு உதைக்கும், வால்வு தன் கனத்துலயே விழுந்து மூடிக்கும். மனுஷன் வேணாம். மெஷின் தன் வாயத் தானே திறந்து தானே மூடுது."

மூன்றாவதில் வால்வு மேசை இழுப்பறை போல இருந்தது. ஒரு பெட்டி, மூன்று துளைகளின் மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழுக்கி ஓடும். அதை ஓட்டுவது, நடுவில் துளை போடாமல் தள்ளித் துளை போட்ட ஒரு வட்டு. நாலாவதில் அதே இழுப்பறையை ஒரு துண்டு நீளமாக்கியிருந்தார்கள். அது ஏன் என்று கேட்டேன்.

"சீக்கிரம் மூடறதுக்கு. முதல்ல எல்லாம் பிஸ்டன் கடைசி வரைக்கும் போற வரைக்கும் ஆவிய விட்டுக்கிட்டே இருந்தான். கரி வீண். அப்புறம்தான் தெரிஞ்சுது, பாதியிலயே மூடிட்டாலும் உள்ள போன ஆவி தானா விரிஞ்சு மீதி தூரத்தத் தள்ளிடும்னு. சோறு முக்கால் பதம் வெந்ததும் அடுப்ப அணைச்சுட்டு மூடி வெக்கிறோமில்ல? அதேதான். இத கண்டுபிடிக்க எத்தனை வருஷம் பாருங்க. வீட்ல ஒரு பொம்பளயக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பா."

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு அந்த இரண்டாவது இயந்திரத்தை ஓட்டிக் காட்டுவார். பிள்ளைகளும் பெற்றோரும் கயிற்றுக்கு வெளியே நிற்பார்கள். ஆவி கிடையாது. பக்கத்து அறையில் காற்றை அமுக்குகிற மோட்டார் ஒன்று இருந்தது, அதிலிருந்து குழாய் வரும். துலா மெதுவாக ஏறும், இறங்கும். முளைகள் டொக், டொக் என்று கைப்பிடிகளை உதைக்கும். அவர் பிரெஞ்சில் விளக்குவார். நான் கழிப்பறை வாசலில் துடைப்பானோடு நின்று பார்ப்பேன்.

அதில் ஒரு வால்வுத் தண்டு மட்டும் கிறீச்சிட்டது. தண்டு ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் கரும்பலகையில் நகம் படுகிற சத்தம். பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள். அவர் ஏதோ மெல்லிய எண்ணெய் விட்டுப் பார்த்தார், சுற்றியிருந்த அடைப்பை மாற்றிப் பார்த்தார். ஒரு வாரம் சும்மா இருக்கும், பிறகு தொடங்கும்.

"அந்தக் காலத்துல இதுக்கெல்லாம் மாட்டுக் கொழுப்புதான்," என்றார் ஒரு நாள். "மேல ஒரு கிண்ணி இருக்கு பாருங்க, அதுல கொழுப்ப அப்பி வெச்சிருவான். உருகி உருகித் தண்டுல இறங்கும். அந்த மாதிரி எண்ணெய் இப்ப எங்க கிடைக்குது?"

மாட்டுக் கொழுப்பு என்ற அந்தச் சொல் என் தலைக்குள் நின்றுவிட்டது.

ஆகஸ்டில் விடுமுறைக்கு மியூசியத்தை மூடினார்கள். அவர் விடுப்பில் பாண்டிச்சேரிக்குப் போனார். நான் மட்டும் காலையில் போய் வந்தேன். வெக்கை. ஒரு நாள் இரண்டாவது இயந்திரத்தைத் துடைக்கும்போது கைப்பிடி என் கையில் பட்டு அசைந்தது. அந்த வெறும் மண்டபத்தில் தண்டு கிறீச்சிட்டது ஒரு பிராணி கத்துவது போல இருந்தது. பையிலிருந்த போத்தலை எடுத்துத் தண்டின் கழுத்தில் மூன்று நாலு துளி விட்டேன். கைப்பிடியை ஏற்றி இறக்கினேன். சத்தம் நின்றுவிட்டது. மாட்டுக் கொழுப்பை விடத் தேங்காய் எண்ணெய் சுத்தமானது என்று நினைத்தேன். ஊரில் தையல் மெசினுக்கும் சைக்கிளுக்கும் அதைத்தானே விட்டிருக்கிறோம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நாலு துளி.

அவர் திரும்பி வந்த முதல் ஞாயிறு இயந்திரம் சத்தமில்லாமல் ஓடியது. அவர் குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"பாருங்க யாழ்ப்பாணத்தாரே! லீவுக்கு முன்னாடி போட்ட அடைப்பு இப்பதான் செட்டாயிருக்கு. நாமளும் ரெஸ்ட் எடுத்தோம், மெஷினும் ரெஸ்ட் எடுத்துச்சு."

அவருடைய முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் சிரித்தேன். பொறுப்பாளர் அம்மாவும் வந்து பாராட்டினார். தை மாதக் கூட்டத்துக்கு அது நல்லது என்று அந்த அம்மா சொன்னார். நான் தொடர்ந்து துளி விட்டுக்கொண்டிருந்தேன், குளிர் தொடங்கிய பிறகும்.

தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும் என்று எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். லா சப்பலில் வாழும் யாருக்குத் தெரியாது? எங்கள் அறையில் ஒக்டோபரிலேயே போத்தல் வெள்ளைக் கல்லாகிவிடும். ஹீட்டர் மேல் வைத்து உருக்கித்தான் தலைக்கு வைப்போம். ஆனால் என் போத்தல் பையில், உடம்புச் சூட்டில் இருந்தது. அது எப்போதும் தண்ணீராகவே இருந்தது. மண்டபத்திலும் போன வருடங்களில் நல்ல சூடு இருந்தது. அந்தக் குளிர்காலம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஹீட்டரைக் குறைத்துவிட்டார்கள், நான் மேலங்கியோடு துடைக்கத் தொடங்கினேன். அப்போதும் எனக்கு இரண்டும் ஒன்றாகச் சேரவில்லை. கொழுப்பு என்று அவர் சொன்னது ஆவியில் ஓடிய காலத்தை. ஆவி வந்தால் கொழுப்பு உருகும். இங்கே ஓடியது காற்று. அமுக்கிய காற்று குழாயிலிருந்து வெளியேறி விரியும்போது இரும்பு இன்னும் குளிரும். அதைப் பின்னால்தான் விளங்கிக்கொண்டேன்.

டிசம்பர் தொடக்கத்து ஞாயிறு. நல்ல கூட்டம். பொறுப்பாளர் அம்மா நகரசபையிலிருந்து வந்த இரண்டு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மெக்கானிக் அண்ணை புதுக் கழுத்துப்பட்டி கட்டி, அதன் மேல் நீல மேலங்கி போட்டிருந்தார்.

இயந்திரம் ஐந்தாறு தடவை ஒழுங்காக ஏறி இறங்கியது. பிறகு டொக் என்ற சத்தம் ஒன்று குறைந்தது. வால்வுத் தண்டு மேலே போனது, கீழே விழவில்லை. பாதியில் தொங்கியது. உள்ளே போன காற்று மூடப்படாமல் போய்க்கொண்டே இருந்தது. துலா ஒரு பக்கம் எகிறிப் போய்க் கட்டையில் இடித்து நின்றது. கட்டடம் அதிர்ந்தது. பிள்ளைகள் இதுவும் ஒரு காட்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

முதலில் காற்றுக் குழாயை மூட வேண்டும் என்பதுதான் ஒழுங்கு. அது பக்கத்து அறையில் இருந்தது. அவர் விருந்தாளிகளைப் பார்த்து ஏதோ பகிடி சொன்னார். "முதலாவது இயந்திரத்தின் காலத்துக்கே போய்விட்டோம், இனி கையால்தான்," என்பது போல. எல்லோரும் சிரித்தார்கள். அவர் கையை உள்ளே விட்டு அந்தக் கைப்பிடியைத் தட்டினார். தண்டு விடுபட்டது. துலா திரும்பியது. தொங்கும் சட்டம் இறங்கியது. முளை அவருடைய வலது கையின் இரண்டு விரல்களைக் கைப்பிடியோடு சேர்த்து அமுக்கியது.

அவர் கத்தவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பிரெஞ்சுக்காரர். அவர் தமிழில் சொன்னார்.

"காத்த மூடு. காத்த மூடு."

அந்த மண்டபத்தில் அது விளங்கிய ஒரே ஆள் நான். ஓடிப்போய்த் திருகை மூடினேன். திரும்பி வந்தபோது ஆட்கள் பிள்ளைகளின் கண்களைப் பொத்தி வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

அம்புலன்ஸ் போன பிறகு தரையைக் கழுவச் சொன்னார்கள், இயந்திரத்தைத் தொடவேண்டாம் என்றார்கள். தரையில் முழந்தாளிட்டு இரத்தத்தைத் துடைத்தேன். என் கண்ணுக்கு நேரே அந்தத் தண்டு இருந்தது. அதன் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக, மெழுகுதிரி வடிந்தது போல, எண்ணெய் உறைந்து நின்றது. முகர்ந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. என் கைகளின் மணம்தான் அது.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வந்து அந்த வெள்ளையைச் சுரண்டி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு போனார்கள். பொறுப்பாளர் அம்மா எல்லோரையும் கேட்டார். என்னையும் கேட்டார். இயந்திரத்தில் யாராவது எதையாவது பூசியதைப் பார்த்தீர்களா?

"நோன், மடாம்," என்றேன்.

அவர் என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை. துப்புரவுக்காரன் வால்வில் எண்ணெய் விடுவான் என்று யார் நினைப்பார்கள்?

அடுத்த கிழமை ஆஸ்பத்திரிக்கு ஒரு பெட்டி திராட்சைப்பழம் கொண்டு போனேன். நடுவிரலும் சுட்டுவிரலும் இரண்டாவது கணுவோடு போய்விட்டன. அவருடைய மனைவி பக்கத்தில் இருந்தார். கதிரையைத் தள்ளி என்னை இருக்கச் சொன்னார்.

"நீங்கதான் காத்த மூடினதாமே. இல்லன்னா கையே போயிருக்கும்னு சொன்னாங்க," என்றார்.

நான் திராட்சைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டிலில் கிடந்த அவர் கூரையைப் பார்த்தபடி பேசினார். "எவன்யா அதுல மெழுக ஊத்தினான்? அலமாரிச் சாவி என்கிட்டதான் இருக்கு. வேற எவனும் தொட மாட்டான். அப்போ நான்தான். அலமாரியில வெள்ளையா ஒரு க்ரீஸ் டப்பா இருக்கு. மாத்தி எடுத்துட்டேனா? எடுத்த மாதிரி ஞாபகம் இல்ல. ஆனா எடுக்கலன்னும் சத்தியமா சொல்ல முடியல."

"உங்களுக்கு ஏன் மறக்கப் போகுது?" என்றார் மனைவி.

"இருபது வருஷம் லிஃப்ட் பாத்தவன்டி. ஒரு நட்டு மாத்தி மாட்டினதில்ல. வயசாயிடுச்சு போல. அவங்களும் அதத்தான் நினைக்கிறாங்க. தை மாசம் என்ன சொல்லப் போறாங்களோ."

சொல்வதற்குத்தான் போயிருந்தேன். வசனத்தைக்கூட மெட்ரோவில் மனப்பாடம் செய்திருந்தேன். எழுந்து, "வாறன் அண்ணை," என்று மட்டும் சொன்னேன்.

தை வந்தது. கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை என்று தெரிந்தது. அதற்கு முந்தின புதன்கிழமை லா சப்பலில் எங்கள் ஆட்களுக்குக் கடிதமும் விண்ணப்பமும் நிரப்பிக் கொடுக்கிற கடைக்குப் போனேன். போட்டோக்கொப்பி மெசினுக்குப் பின்னால் ஒரு தம்பி இருந்து தட்டச்சுச் செய்வார். முழுவதையும் அவருக்குச் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் கதைத்தது அன்றுதான். அவர் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார்.

"அண்ணை, உதை எழுதச் சொல்லி ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் இல்லை."

"பொலிஸ் கேட்டதோ?"

"இல்லை."

"பிறகு உங்களுக்கு என்ன விசரே? உங்கடை வதிவிடக் கார்த் எப்ப முடியுது?"

"மாசியிலை."

"மாசியிலை முடியுது. கார்த் புதுப்பிக்கப் போனா பிரெபெக்சரிலை வேலைக் கடிதம் கேப்பாங்கள். வேலை இல்லையெண்டா என்ன நடக்குமெண்டு தெரியும்தானே? உங்கடை கழுத்துக்கு நீங்களே கயிறு திரிக்கிறியள். அதுவும் என்ரை மெசினிலை."

"எழுதுங்கோ தம்பி."

"பாண்டிக்காரன் உங்களுக்கு அண்ணனோ தம்பியோ?"

"எழுதுங்கோ."

தட்டினார். இடையில் நிறுத்தி என்னைப் பார்த்தார். "எண்ணெயை என்னெண்டு போடுறது? 'உயில் து கொக்கோ'. வாசிக்கிறவள் சிரிக்கப் போறாள்."

"சிரிக்கட்டும்."

ஒரு பக்கம். அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் விட்ட எண்ணெய், எப்போதிலிருந்து, மெக்கானிக்குக்குத் தெரியாது, அவரில் பிழையில்லை. அசலில் கையெழுத்து வைத்தேன். நான் கேட்காமலே அவர் இன்னொரு கொப்பியும் அச்சடித்துத் தந்தார். "கையெழுத்து இல்லாத கொப்பி. எதுக்கும் வைச்சிருங்கோ," என்றார்.

வியாழக்கிழமை காலை பொறுப்பாளர் அம்மாவின் அறையைக் கூட்டினேன். கடிதத்தை அவருடைய மேசையில் வைத்தேன். தரையைத் துடைத்தேன். வாளித் தண்ணீரை மாற்றப் போனேன். திரும்பி வந்து கடிதத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பிரெபெக்சர் முடியட்டும், பிறகு கொடுக்கலாம் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். கூட்டத்தில் அவருக்குச் சாதகமாகவே முடியலாம் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டையும் நான் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் ஒன்பது மணிக்கு வந்தார். கோட், கழுத்துப்பட்டி, கட்டுப் போட்ட கை. பொறுப்பாளர் அம்மாவின் அறைக்கு முன்னால் நடையில் என்னைப் பார்த்து நின்றார்.

"என்ன யாழ்ப்பாணத்தாரே, எனக்காக உங்க பிள்ளையார வேண்டிக்கோங்க."

"ஓம் அண்ணை," என்றேன். கடிதம் என் மார்புப் பையில் இருந்தது. அவர் கதவைத் தட்டி உள்ளே போனார்.

அந்த நடையில் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை. ஏற்கெனவே துடைத்திருந்தேன். மறுபடி துடைத்தேன். உள்ளே அவருடைய குரல் ஒரு தடவை உயர்ந்தது, பிறகு அம்மாவின் குரல் மட்டும் சீராகக் கேட்டது. கதவுக்கும் எனக்கும் நாலு அடி. தட்டினால் திறப்பார்கள். ஒரு காகிதத்தை நீட்டினால் போதும், பேசவும் தேவையில்லை. இருபது நிமிடம் அப்படி நின்றேன். பின்பு கதவு திறந்து அவர் வந்தார்.

"முடிஞ்சுது," என்றார். "மெஷின இனி ஓட்ட மாட்டாங்களாம். கண்ணாடி போட்டு மூடப் போறாங்களாம். மூடின மெஷினுக்கு மெக்கானிக் எதுக்கு? தப்பான க்ரீஸ், காத்த மூடாம கைய விட்டது, ரெண்டும் எழுதியிருக்காங்க. கையெழுத்துப் போடச் சொன்னாங்க. இடது கையால போட்டேன்."

"அண்ணை..." என்றேன்.

"விடுங்க. வேல இருக்கும், பாருங்க," என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை கடிதத்தைப் பொறுப்பாளர் அம்மாவின் கையில் கொடுத்தேன். அவர் நின்றபடியே வாசித்தார். சிரிக்கவில்லை. இரண்டாம் தடவை வாசித்தார். பிறகு, எல்லாக் காகிதங்களும் வெள்ளி மாலையே மேலிடத்துக்குப் போய்விட்டன, அந்த வேலையிடமே இப்போது இல்லை என்றார். "வியாழக்கிழமை இது என்னிடம் இருந்திருந்தால்," என்று தொடங்கி நிறுத்தினார். ஏன் இப்போது, என்று கேட்டார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டேன்.

"அவருக்கு நீங்களே சொல்ல வேண்டும்," என்றார்.

துப்புரவு நிறுவனம் என்னை ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு மாற்றியது. வேறு எதுவும் செய்யவில்லை. மாசியில் கார்த் கிடைத்தது. நான் பயந்ததில் ஒன்றும் நடக்கவில்லை.

அவரிடம் போக எனக்குப் பங்குனி வரை எடுத்தது. பியர்ஃபித் என்ற புறநகரில், நாலாம் மாடி. மனைவி கதவைத் திறந்து சிரித்து, கோப்பி போடப் போனார். அவர் ஜன்னலோரம் இடது கையால் ஏதோ ஒரு பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். வேலை தேடிப் போன இடங்களில் பழைய இடத்து அறிக்கையைக் கேட்கிறார்களாம், அதைப் பார்த்ததும் முகம் மாறுகிறதாம். நான் கதிரையில் இருக்காமல், நின்றபடியே கொப்பியை அவரிடம் நீட்டினேன்.

அவர் வாசித்தார். தலை நிமிரவில்லை.

"எப்பேர்ந்து?"

"ஆகஸ்டிலை இருந்து."

"எத்தனை சொட்டு?"

"மூண்டு, நாலு. வியாழக்கிழமைகளிலை."

"தேங்கா எண்ணெ," என்றார். கண்ணை மூடிக்கொண்டார். அந்தத் தண்டைத் தன் மனதுக்குள் ஏற்றி இறக்கிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. "ஆவில ஓடியிருந்தா உருகிப் போயிருக்கும்."

"ஓம்."

"இங்க வாடி!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "டப்பாவ நான் மாத்தி எடுக்கல. நான் மாத்தி எடுக்கலடி!"

மனைவி ஈரக் கையோடு வந்து அவருடைய தோளுக்கு மேலால் வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களே. அன்னிக்கே தெரியுமா?"

"ஓம்."

"இவர் ராத்திரியெல்லாம் தூங்காம, மறதி நோய் வந்துடுச்சுன்னு டாக்டர்கிட்ட போய் தலைய ஸ்கேன் எடுத்துக்கிட்டு வந்தாரே. அப்பவும் நீங்க லா சப்பல்ல நல்லா சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க."

அவர் கையை உயர்த்தி மனைவியை நிறுத்தினார். காகிதத்தை மேசையில் விரித்தார்.

"இதுல கையெழுத்து இல்ல. போடு."

அதுவரை அவர் என்னை நீங்கள் என்றுதான் சொல்லிவந்தார். பேனாவைத் தந்தார். மேசை வழுக்கியது. காகிதம் நகராமல் இருக்க அவர் வலது கையை அதன் மேல் வைத்து அழுத்தினார். மூன்று விரல்கள். அதற்குப் பக்கத்தில் நான் மெதுவாகக் கையெழுத்து வைத்தேன்.

"தேதி."

தேதியும் போட்டேன்.

"இனி வேல கேட்டுப் போற இடத்துலயெல்லாம் இத காட்டுவேன். இப்ப போ. இங்க வராத."

மனைவி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். கோப்பி அடுப்பில் பொங்குகிற சத்தம் கேட்டது, ஒருவரும் அதைப் பார்க்கப் போகவில்லை. இரண்டாம் மாடி வரை இறங்கியிருப்பேன். கதவு இன்னும் சாத்தப்படவில்லை. மேலே அவர் அந்தக் கடிதத்தை முதலிலிருந்து, சத்தமாக, பிரெஞ்சில் மனைவிக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "மெக்கானிக்கில் பிழையில்லை" என்ற இடம் வந்ததும் நிறுத்தி, அந்த வரியை மட்டும் திரும்ப வாசித்தார்.